பாவையும் கொழுந்துக் கூடையும்

பொம்மைகளைப் பற்றி எழுதுவதற்கு இத்தகைய சஞ்சிகையின் பக்கங்கள் ஏற்றவைதாமா என்று கேட்போர் இருப்பர். கேட்கவும் செய்கின்றனர். எமது ஆசிரியர் அறையில் எதிர்க் கதிரையில் அமரும் நண்பர், தொழிற்சங்க வேலைகளிற் பல்லாண்டு பழகியவர், ஒருநாள் எம்மிடம் நேரிற் கேட்டார்: "தோட்டத்துப் பிள்ளை கொப்பிக்குக் காசில்லாமல் நிற்கிறது. நீர் யப்பான்காரன் பொம்மைக்குத் தலைமயிர் வைத்துக்கொண்டிருக்கிறீர், தோழர். இது பூர்ஷ்வாப் பொழுதுபோக்கு அல்லாமல் வேறென்ன?" அருகிலிருந்த மற்றொருவர், அரசியலே பேசாதவர், ஆண்பிள்ளைக்கு ஏன் இந்த வேலை என்று சொல்லிச் சிரித்தார். பின்னவரின் கேள்விக்கு விடையிறுக்க நாம் மை செலவிடப் போவதில்லை. முன்னவரின் கேள்வி நேர்மையானது. அதற்கு நாலு வரியில் விடை கூறி முடிக்கவும் இயலாது.

முதலில், அப்பொம்மை எம்மிடம் வந்த வகை. கண்டி நகரிலிருந்து கட்டுகஸ்தோட்டைக்குச் செல்லும் வழியில், யப்பானியர் கழித்துவிட்ட பொருட்களைக் கொள்கலன்களில் இறக்கி விற்கும் கடையொன்று இருந்தது. பீங்கான் கோப்பைகள், தையல் இயந்திரங்கள், துவிச்சக்கர வண்டிகள், யாரோ ஒரு குடும்பம் ஒரு காலத்திற் போற்றி வைத்திருந்த சுவர்க் கடிகாரங்கள் எல்லாம் அங்கே குவிந்து கிடக்கும். 2019ஆம் ஆண்டு பாடசாலை நாடக மன்றத்துக்கு ஒரு கடிகாரம் தேடிச் சென்றபோது, ஓர் அட்டைப்பெட்டியின் அடியில் அறுபது சதமமீற்றர் உயரமான உடலொன்றைக் கண்டோம். தலையில் மயிரில்லை, கண்குழிகள் வெறுமையாயிருந்தன, ஒரு கை கழன்று வேறாய்க் கிடந்தது. கடைக்காரருக்கு அதன் பெயர் தெரியாது. உடைந்த சாமான் என்று கருதி, ஆறு கோப்பைகளின் விலைக்குத் தந்தார்.

அது உடைந்ததன்று, கழற்றப்பட்டது. இவ்வகைப் பொம்மைகளைக் கழற்றலாம், மீளப் பூட்டலாம், முகத்தை அழித்து வேறு முகம் எழுதலாம், கண்ணை மாற்றலாம். பந்து மூட்டுப் பொம்மை என்பது அதன் பெயர். தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் ஆகிய இடங்களிலெல்லாம் ஒரு பந்தும் அதற்குப் பொருந்தும் ஒரு குழியும் உண்டு. உடல் உள்ளே வெறுங்கூடு. கழுத்திலிருந்து இரு கால்களுக்கும், ஒரு கையிலிருந்து மறு கைக்கும் இழுபடும் மீள்தன்மை நாண் உட்புறமாக ஓடுகின்றது. சிறு கொக்கிகளில் அது மாட்டப்பட்டிருக்கும். அந்த நாணின் இழுவையே பொம்மையை நிற்க வைப்பது. நாண் தளர்ந்தால் பொம்மை சரியும். மிகைப்பட இறுகினால் கை உதறிக்கொண்டு நிற்கும். நாணால் இயங்கும் மரப்பாவையை வள்ளுவர் இரு குறள்களில் உவமையாக்கியிருக்கிறார். அவர் கண்ட பாவையின் நாண் வெளியே, ஆட்டுவோன் கையில் இருந்தது. இதன் நாணோ உள்ளே இருக்கின்றது. ஆட்டுவோன் இல்லாத பாவை இது. வைத்தபடி தானாக நிற்கும். இந்த வேறுபாடு எம்மை நெடுநாள் சிந்திக்க வைத்தது.

இதன் வரலாறு நாம் எதிர்பார்த்ததினும் விந்தையானது. பேர்லின் அரும்பொருளகமொன்றில் 16ஆம் நூற்றாண்டின் சிறிய மரப்பாவைகள் சில உள்ளன. அவற்றின் மூட்டுகள் பந்துகளால் ஆனவை. 1930களில் ஹன்ஸ் பெல்மர் என்னும் ஜேர்மானியக் கலைஞர் அவற்றைப் பார்த்துத் தமது பொம்மையை அமைத்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த காலம் அது. அவ்வரசுக்குப் பயன்படும் வேலை எதையும் இனிச் செய்வதில்லை என்று முடிவு செய்த பெல்மர், கட்டுடல் கொண்ட ஆரிய வீரனைப் போற்றிய அரசுக்கு எதிரே கைகால் குலைந்த பொம்மையை நிறுத்தினார். பெல்மரைப் புகழ்வோர் இத்துடன் நிறுத்திவிடுகின்றனர். பெண்ணுடலைத் துண்டுதுண்டாக்கிப் படம் பிடித்தவரும் அவரே என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எதிர்ப்பின் பெயரால் அதை நாம் விழுங்கிவிட முடியாது. 1965இல் அவருடைய பொம்மையின் படங்கள் யப்பானியச் சஞ்சிகையொன்றில் வெளிவந்தன. அவற்றைக் கண்ட யொத்சுயா சிமொன் என்னும் இளைஞர் தமது பழைய முறையைக் கைவிட்டுப் பந்து மூட்டுக்கு வந்தார். யப்பானில் அதற்கு நிலம் பண்பட்டிருந்தது. இடுப்பும் முழங்காலும் கணுக்காலும் மடிந்து முழந்தாளிட்டு அமரக்கூடிய பொம்மைகளை அந்நாட்டு வினைஞர் பல தலைமுறைகளுக்கு முன்னரே செய்திருந்தனர். 1936இல் அரச ஓவிய சிற்பக் கண்காட்சியிற் பொம்மைகளுக்கும் இடங் கிடைத்தது. 1955இல் பொம்மை வினைஞராகிய ஹிராத்தா கோயோ நாட்டின் வாழும் செல்வமாக மதிக்கப்பட்டார். கியோத்தோவில் 1972இல் தொடங்கிய வோக்ஸ் என்னும் நிறுவனம், சிறு மாதிரியுருக்களை ரெசினில் வார்க்கும் தன் தொழில்நுட்பத்தைக் கொண்டு 1999இல் 'சூப்பர் டொல்பி' என்ற பொம்மையை விற்பனைக்கு விட்டது. அதன் பின்னர் கொரியரும் சீனரும் அத்தொழிலிற் புகுந்தனர்.

வாங்கியவர் தாமே அதை முடித்துக்கொள்ள வேண்டும் என்பதே அதன் சிறப்பு. தொழிற்சாலை ஓர் உடலைத் தருகின்றது. ஆளாக்குவது வைத்திருப்பவரின் கைவேலை. யப்பானியர் 'பொம்மை வாங்கினேன்' என்று சொல்லாமல் 'வீட்டுக்கு எதிர்கொண்டு அழைத்தேன்' என்கின்றனர். பழுதாகிப் போனதைக் குப்பையில் எறியவும் மனமில்லாமல் கோவிலுக்குக் கொண்டு சென்று சடங்கு செய்து விடை கொடுக்கின்றனர். இவை சற்று மிகையென்று எமக்குத் தோன்றியதுண்டு. ஆனால் நவராத்திரிக்குப் பிறகு கொலுப் பொம்மைகளை ஒரு கணம் படுக்க வைத்து உறங்கச் செய்யும் நாம், அதைப் பார்த்துச் சிரிப்பதற்கு உரிமை பெற்றவரல்லர்.

கொலுவைச் சொன்னவுடன் இன்னொன்றும் நினைவுக்கு வருகின்றது. கண்டி நகரில் நாம் அறிந்த மூதாட்டி ஒருவர், தமது தாயார் தமிழகத்திலிருந்து வரும்போது ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்த மண்பொம்மைகளைப் பற்றிச் சொல்வார். 1983 யூலையில் அவர்களுடைய கடையும் அதன் மேல்மாடி வீடும் எரிந்தபோது அப்பெட்டியும் போயிற்று. சுட்ட மண் மறுபடியும் சுடப்பட்டது என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்.

எம் கைக்கு வந்த பொம்மைக்கு முகம் எழுதத் தொடங்கினோம். இவ்வேலையின் நுணுக்கத்தைச் சிறிது கூறினால் நண்பர்கள் பொறுத்தருள்வர். பழைய பூச்சைத் துடைத்தெடுத்துப் பின் மங்கற் பூச்சு ஒன்றை முகத்தில் மென்மையாகத் தெளிக்க வேண்டும். வண்ணச் சுண்ணக்கோலைச் சுரண்டிப் பொடியாக்கி, தூரிகையால் கன்னத்திலும் இமையோரத்திலும் ஒற்ற வேண்டும், மீண்டும் தெளிப்பு, மீண்டும் பொடி. புருவம் ஒன்றை ஒவ்வொரு மயிராக இழுக்க ஒரு மாலை செல்லும். அந்தத் தெளிப்பு, காற்றில் ஈரம் மிகுந்த நாளில் வெண்பனி படர்ந்தாற்போல் மூடிவிடும் தன்மையுடையது. கண்டியின் ஒக்டோபர், நவம்பர் மழையில் அதைத் திறக்கவே கூடாது. ஆகவே எமது பொம்மைக்குச் சனவரி, பெப்ரவரி மாதங்களின் காய்ந்த காலைகளில் மட்டுமே முகம் வளர்ந்தது. வெயிலில் உலர்த்தலாமோ என்றால் அதுவும் ஆகாது. ரெசின் வெயிலில் மஞ்சளித்துவிடும். ரெசினைத் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு செய்வது. நீரில் நனைத்துத் தேய்த்து, வாயையும் மூக்கையும் கட்டிக்கொண்டோம். பொழுதுபோக்காக ஒன்றைத் தேய்க்கும் எமக்கு இத்தனை காவல் வேண்டும் என்றால், நாள்தோறும் நூறு கைகால்களைத் தேய்த்து அனுப்பும் தொழிலாளிக்கு எத்தனை வேண்டும்! இத்தொழிலில் ஈடுபாடுடையோர் கண்ணின் நிறத்தைப் பற்றி இரவு பகலாகப் பேசுவர். அந்தத் தொழிலாளியைப் பற்றிய பேச்சை நாம் மிக அரிதாகவே கேட்டிருக்கிறோம்.

பொம்மையை ஒருநாள் வகுப்புக்குக் கொண்டு சென்றோம். சங்கப் பாடல்களிற் சிறுமியர் பஞ்சாய்க் கோரையாற் பாவை செய்து விளையாடும் செய்தி வருகின்றது. அப்பாடத்துக்குப் பயன்படும் என்று கருதினோம். பத்தாம் வகுப்பு. ஹந்தானை, கலஹா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வரும் பிள்ளைகள் பாதிக்கு மேல். ஒரு மாணவி, வழக்கமாக வாய் திறவாதவள், பொம்மையை நெடுநேரம் பார்த்திருந்துவிட்டுக் கேட்டாள்: "ஏன் சேர், பொம்ம எல்லாமே வெள்ளப் புள்ளயாவே இருக்கு?"

பாவையின் வெளிறிய நிறத்துக்குத் தொழிலில் வழங்கும் பெயர் 'இயல்பான தோல்' என்பதாகும். எமது கண்டுபிடிப்பன்று, விற்பனைப் பட்டியலில் உள்ள பெயரே அது. வெளிர் இளஞ்சிவப்பு இயல்பு; அதினும் வெளிறியது வெண்தோல்; கபிலம் என்பது தனியே சிறப்பாகக் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று. இயல்பு எது என்று தீர்மானிக்கும் அதிகாரம் யாருடையது என்ற கேள்வியைத் திறனாய்வு நூல்கள் பல பக்கங்களில் எழுப்புகின்றன. அந்தப் பிள்ளை ஒரே வாக்கியத்தில் எழுப்பினாள்.

நாம் அன்றிரவே தீர்மானித்தோம். செயற்கை இழைத் துணிக்கு ஏற்றும் சாயத்தை ரெசினும் ஏற்கும். நீர் சூடாக இருத்தல் வேண்டும். கொதித்தல் ஆகாது, கொதித்தால் உறுப்புகள் முறுகிவிடும். நாண்களையெல்லாம் கழற்றி, கைவேறு கால்வேறாக்கி, ஒவ்வொன்றாகத் தோய்த்தெடுத்தோம். முதல் தோய்ப்பில் வெறும் தேநீரின் நிறம். மூன்றாவது தோய்ப்பில்தான் கொழுந்து பறிக்கும் ஒரு பெண்ணின் முழங்கை நிறம் வந்தது. எழுதிய முகத்தையும் அழித்துப் புதிதாய் எழுதினோம்.

கண்டி வாவிக்கரைக் கடைகளில் கொழுந்து பறிக்கும் பெண் பொம்மைகள் நிறைய உண்டு. மரத்தாலும் துணியாலும் செய்து, வெஸ் நடனக்காரனுக்கும் மர யானைக்கும் பக்கத்தில் அடுக்கி வைத்திருப்பர். உல்லாசப் பயணி ஒருவர் அதை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டு ஊர் போய்ச் சேர்கின்றார். நாம் பார்த்த அத்தனை பொம்மைகளும் சிரித்தன. தேயிலைப் பெட்டிகளின் படங்களிலும் அதே சிரிப்புத்தான். ஆகவே, மலையகப் பெண்ணைப் பொம்மையாக்கும் வேலையை நாம் தொடங்கி வைக்கவில்லை என்பதை ஆசிரியர் அறை நண்பருக்குச் சொல்லிக்கொள்கிறோம்; அது நெடுங்காலமாக இலாபத்துடன் நடந்து வருகின்றது. நாம் அவளுக்குச் சிரிப்பு எழுதவில்லை. அழுகையும் எழுதவில்லை. அது இன்னொரு வகைச் சந்தைக்கு உகந்தது. பிரட்டுக்களத்தில் பேர் போடக் காத்து நிற்கும்போது ஒருத்தியின் முகம் எப்படி இருக்குமோ அப்படி எழுத முயன்றோம்.

உடைக்காகக் கம்பளைக்கு அண்மையிலுள்ள பாரதெக்கவுக்குச் சென்றோம். பழைய பீக்கொக் தோட்டத்தில், தொழிலாளர் வாழ்ந்த லயம் ஒன்றிலேயே 2007இல் சமூக அபிவிருத்தி நிறுவகத்தினர் தோட்டத் தொழிலாளருக்கென ஓர் அரும்பொருளகம் அமைத்தனர். இந்நாட்டுத் தேயிலையைப் பற்றிப் பேசுவோர் 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்ட கதையோடு தொடங்குவது வழக்கம். அவர் பெயர் தெரிந்த அளவுக்கு, அந்த 19 ஏக்கரையும் வெட்டித் திருத்தி நட்டவர்களின் பெயர் ஒன்றேனும் எமது பாடநூல்களில் இல்லை. அவ்வரும்பொருளகத்தில் அவர்கள் புழங்கிய சட்டி, விளக்கு, உடை, கருவி ஆகியவை இருக்கின்றன. கூடையும், அதைத் தலையில் மாட்டும் கயிறும், இடுப்பிற் சுற்றும் படங்கும் எப்படியிருக்கும் என்று பார்த்து வரைந்துகொண்டோம். கூடையை மூங்கிற் சிம்பினால் ஒரு மாணவனின் பாட்டனார் பின்னித் தந்தார். ஒரு சாண் உயரம். காசு வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது நண்பரின் கேள்விக்குக் கணக்காகவே விடை சொல்வோம். இத்தகைய பொம்மையைப் புதிதாக வாங்க 60,000 யென்னும் அதற்கு மேலும் ஆகும். யென் ஒன்றுக்கு இரண்டு ரூபாய் என்று கொண்டால் 120,000 ரூபாய். தோட்டத் தொழிலாளியின் நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாயாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாயாகவும் நிர்ணயிக்கப்பட்டது. 2024இன் அந்த 1,350 ரூபாய்க்கு ஒருத்தி உண்ணாமல் உடுக்காமல் 89 நாட்கள் கொழுந்து பறித்திருந்தால் ஒரு பொம்மை. 2022இல் மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபாயை எட்டியபோது இந்தக் கணக்கு இன்னும் கொடூரமாயிருந்தது. தாள் இல்லாமல் மேல் மாகாணப் பாடசாலைகளின் தவணைப் பரீட்சைகளே அவ்வாண்டு பிற்போடப்பட்டன. எனவே புதிய பொம்மைகளைச் சேகரித்துக் கண்ணாடி அலுமாரியில் நிரப்புவதை இந்நாட்டு ஆசிரியன் ஒருவன் நியாயப்படுத்த முடியாது என்பதில் நண்பரோடு நாம் ஒன்றுபடுகிறோம். எம்மிடம் இருப்பது ஒன்றே. அதுவும் பிறர் கழித்தது. சிற்பியின் பொம்மையிலிருந்து களவாய் அச்செடுத்து மலிவாய் வார்த்து விற்போரும் உளர். ஏழைக்கும் எட்டட்டுமே என்று சிலர் அவர்களுக்காக வாதிடுகின்றனர். அங்கே சிற்பியின் உழைப்போடு வார்க்கும் கூலியாளின் உழைப்பும் சேர்ந்து களவு போகின்றது என்பதே எமது எண்ணம்.

ஆனால் விலை ஒன்றே ஒரு பொருளின் பொருளன்று. நண்பர் அறிந்திராத ஒரு செய்தி யப்பானிய ஆசிரியரைப் பற்றியது. 1924இல் அமெரிக்கா இயற்றிய குடிவரவுச் சட்டம் யப்பானியருக்குக் கதவடைத்தது. அதனால் எழுந்த கசப்பைத் தணிக்க விரும்பிய சிலரின் முயற்சியால் 1927இல் அமெரிக்கச் சிறுவர் 12,000க்கு மேற்பட்ட நீலக்கண் பொம்மைகளை யப்பானியப் பாடசாலைகளுக்கு அனுப்பினர். மறுமொழியாக யப்பான் 58 பெரிய பொம்மைகளை அனுப்பியது. போர் மூண்டது. அந்தப் பொம்மைகள் பகைவரின் ஒற்றராயின! 1943இல் அவற்றை எரிக்கவும் உடைக்கவும் குரல் எழுந்தது. பிள்ளைகள் பார்த்திருக்கப் பாடசாலை முற்றங்களில் மூங்கில் ஈட்டியாற் குத்தப்பட்டவையும் உண்டு. சில ஆசிரியர்கள் மாத்திரம் அவற்றைக் கூரைக்குள்ளும் களஞ்சியத்திலும் ஒளித்து வைத்தனர். பிடிபட்டால் துரோகி என்ற பெயர் கிடைக்கும் என்பதை அறிந்தே செய்தனர். இன்று எஞ்சியுள்ள சில நூறு பொம்மைகள் அவர்கள் காத்தவை. ஒரு பொம்மையை வெறுக்கப் பிள்ளைக்குக் கற்பித்துவிட்டால் மனிதனை வெறுக்கக் கற்பிப்பது எளிது என்பதை அவர்கள் கண்டிருக்க வேண்டும். இனத்தின் பெயரால் எரிந்த இந்நாட்டின் ஆசிரியராகிய நாம் அந்தப் பெயரறியா ஆசிரியரை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

பாடசாலைத் தமிழ்த் தினத்தன்று பஞ்சாய்ப் பாவை பற்றிய சிறு கண்காட்சி ஒன்றை மாணவர் அமைத்தனர். கோரையும் சோளக்கதிரும் கிழிந்த சேலையுமாக அவர்களே செய்த பாவைகளுக்கிடையே எமது பாவையும் கூடை சுமந்து நின்றாள். கேள்வி கேட்ட மாணவி தன் அக்காளை அழைத்து வந்திருந்தாள். இருபது வயதிருக்கும். படிப்பை நடுவில் விட்டுக் கண்டியில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவள். அந்த வீட்டு மண்டபத்தில் கண்ணாடி அலுமாரி நிறைய வெளிநாட்டுப் பொம்மைகளாம். கண்ணாடியைத் தினமும் துடைப்பது அவள் வேலை. கதவைத் திறக்க அனுமதியில்லை. "அஞ்சு வருசம் தொடச்சேன் சேர், ஒன்னையும் தொட்டதில்ல" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, வேலையின் ஒழுங்கைச் சொல்பவள்போலச் சொன்னாள்.

எம் நெஞ்சில் 2021 யூலை வந்து நின்றது. டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குச் சென்ற 16 வயதுச் சிறுமி தீக்காயங்களுடன் மருத்துவமனையில் உயிர்விட்ட மாதம். தொழிலுக்கு அமர்த்தும் ஆகக் குறைந்த வயதை 14இலிருந்து 16ஆக உயர்த்திய சட்டமும் அதே ஆண்டினதே. அந்நாட்களில் மலையகம் முழுவதும் வீதியில் நின்றது. நாமும் நின்றோம், பின்னர் வகுப்புக்குத் திரும்பினோம். இடைவிலகிய பிள்ளைகளின் பெயர்களை இடாப்பில் சிவப்பு மையால் வெட்டும் வேலை அப்போதும் இருந்தது, இப்போதும் இருக்கின்றது. அக்காளின் பெயரும் ஒரு காலத்தில் ஏதோ ஓர் இடாப்பில் அப்படி வெட்டப்பட்டதே.

பாவையைத் தூக்கிப் பார்க்கும்படி சொன்னோம். தயங்கினாள். தங்கை எடுத்துக் கையில் கொடுத்தாள். நாம் பார்த்த மற்றவர் எல்லாரும் முதலில் அதன் மயிரைக் கோதுவர், அல்லது கண்ணைத் தொட்டுப் பார்ப்பர். அவள் கூடையைத் தலையிலிருந்து இறக்கி ஓரமாக வைத்தாள். பிறகு இடுப்பை மடித்து, முழங்காலை ஒவ்வொன்றாக மடித்து, மேசை விளிம்பில் அதை உட்கார வைத்தாள். "காலையில இருந்து நிக்க வச்சிருக்கீங்களே சேர். கொஞ்சம் குந்தட்டும்."

அன்று மாலைவரை அது அப்படியே இருந்தது. எவரும் எழுப்பவில்லை.

அதன் பின் பத்தாம் வகுப்பினர் தாமே மூட்டுப் பாவை செய்வதென்று கிளம்பியிருக்கின்றனர். ரெசின் வேண்டாம், யப்பானியக் கலைஞரிலும் களிமண்ணாற் செய்வோர் உண்டு என்று அவர்களுக்குச் சொன்னோம். பழைய பரீட்சைத் தாள்களை ஊறவைத்து அரைத்து, மரவள்ளி மாக் கூழும் மரத்தூளும் சேர்த்து உடலைப் பிடிக்கின்றனர். பந்துக்கு என்ன செய்வது என்று இரு வாரம் விவாதம் நடந்தது. கடைசியில் ஒருவன் காய்ந்த பாக்கைத் துளைத்துக் கொண்டுவந்தான். கண்டி வீட்டுத் தோட்டங்களிற் கமுகுக்குப் பஞ்சமில்லை. முழங்கைக்குச் சிறு பாக்கு, முழங்காலுக்குப் பெரும் பாக்கு. நாணுக்குத் துவிச்சக்கர வண்டியின் பழைய ரியூப்பை மெல்லிய நாடாவாக வெட்டிப் பின்னியிருக்கின்றனர். ஆசிரியர் அறை நண்பரும் சென்ற வெள்ளிக்கிழமை வந்து பார்த்தார்; ரியூப் நாடாவை இன்னும் இரண்டு விரற்கடை குறைத்தால் நன்றாக நிற்கும் என்றார். பிள்ளைகள் கேட்கவில்லை. பாவைக்கு உட்காரத் தெரிந்தால் முதலிற் போதும் என்பது அவர்கள் கட்சி. முழங்காற் பாக்கு இன்னும் வழுக்குகின்றது. அதன் குழியில் ஒட்டுவதற்கு ஒரு துண்டுத் தோல் தேடிக்கொண்டிருக்கிறோம்.